போட்டோ மெக்கானிக்: மூணு வருஷம் கல்யாண ஆர்டர்ல ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

கும்பகோணத்துல இருந்து ஃப்ரீலான்ஸா கல்யாணம் எடுக்கறவன் நான். ஸ்டுடியோன்னு தனியா கடை கிடையாது, வீட்டு மாடியில ஒரு ரூம், ஒரு சிஸ்டம், ஒரு லேப்டாப், ரெண்டு நிக்கான் கேமரா பாடி, ஆர்டருக்கு கூட வர ஒரு தம்பி, அவ்வளவுதான் செட்டப். போட்டோ மெக்கானிக்ங்கற சாஃப்ட்வேரை 2022 ஆடி மாசத்துல வாங்கினேன். அப்ப வெர்ஷன் 6, ஒரே தடவை கட்டுற காசு 139 டாலர், நம்ம காசுல கிட்டத்தட்ட 11,000 ஆச்சு. இது எடிட்டிங் சாஃப்ட்வேர் கிடையாதுங்கறத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் 11,000 கொடுத்தேன்னு சொன்னதும் எங்க ஏரியா போட்டோகிராஃபர் ஒருத்தர் ஸ்கின் டோன் நல்லா வருமான்னு கேட்டார். கலர் மாத்தாது, ஸ்கின் தொடாது. கேமரா மெமரி கார்டுல இருந்து படத்தை சிஸ்டத்துக்கு இறக்கறது, இறக்கினதுல எது வேணும் எது வேணாம்னு பிரிக்கறது, பிரிச்சதுக்கு பேர் குறிப்பு போட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பறது, இதுதான் இதோட வேலை. அமெரிக்காவுல ஒரேகான்ல இருக்கற கேமரா பிட்ஸ்ங்கற கம்பெனி பண்றது, பத்திரிகைக்காரங்களும் ஸ்போர்ட்ஸ் போட்டோகிராஃபர்ஸும் ரொம்ப வருஷமா இதைத்தான் வெச்சு ஓட்டறாங்க. மேட்ச் முடியறதுக்குள்ள பேப்பருக்கு படம் போகணும்ங்கறவங்களுக்காக செஞ்ச சாமான் இது.

நம்ம கல்யாணத்துக்கு அப்படி என்ன அவசரம்னு தோணலாம். நான் வாங்கினதுக்கு காரணமே வேற, அதை சொன்னாத்தான் இந்த ரிவ்யூவுக்கு அர்த்தம் வரும்.

2022 வைகாசி. வளர்பிறை முகூர்த்தம்னா தெரியும்ல, ஒரே நாள்ல ஊர்ல இருக்கற எல்லா மண்டபமும் ஃபுல். சனிக்கிழமை சாயங்காலம் மயிலாடுதுறையில ஒரு ரிசப்ஷன், ஞாயித்துக்கிழமை காலையில 4:30 டு 6 முகூர்த்தம் கும்பகோணத்துல, ரெண்டும் வேற வேற வீடு, ரெண்டுக்கும் அட்வான்ஸ் வாங்கியாச்சு. ரிசப்ஷன் முடிஞ்சு கடைசிப் பந்தியில உக்காந்து சாப்ட்டு வண்டி எடுக்கும்போதே பத்தே முக்கால், வீட்டுக்கு வரும்போது 12 தாண்டிடுச்சு. கார்டை லேப்டாப்ல போட்டு காப்பி கொடுத்துட்டு ஒரு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடலாம்னு சேர்லயே சாஞ்சேன். 3 மணிக்கு அலாரம் அடிச்சப்ப லேப்டாப் ஸ்கிரீன் கறுப்பா இருந்துச்சு. காப்பி முடிஞ்சுருக்கும்னு கார்டை உருவி பையில போட்டுட்டு கிளம்பிட்டேன். மண்டபத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாடி வழக்கம் போல கார்டை ஃபார்மேட் பண்ணி அதே கார்டுல முகூர்த்தம் முழுக்க எடுத்துட்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து பாத்தாத்தான் தெரியுது, லேப்டாப் பாதி காப்பியில ஸ்லீப் மோடுக்கு போயிருக்கு. ரிசப்ஷன்ல பாதிக்கு மேல இறங்கவே இல்ல.

ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு கொஞ்சம் எடுத்தேன், மேல எழுதாம தப்பிச்ச இடத்துல இருந்ததெல்லாம் வந்துச்சு, மத்தது போச்சு. தம்பி எடுத்த கேண்டிட் எல்லாம் பத்திரமா இருந்துச்சு, ஆனா ஸ்டேஜ் குரூப் போட்டோ முழுக்க என் கேமராவுல. பொண்ணோட அப்பாவை நேர்ல போய் பாத்து சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் கேட்டார், "தம்பி, எங்க அம்மாவை ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து ஸ்டேஜ்ல உக்கார வெச்சோமே, அது மட்டும் இருக்கா பாருங்க"ன்னு. அது இல்ல. கடைசியில வீடியோ எடுத்தவர்கிட்ட ஃபுட்டேஜ் வாங்கி அதுல இருந்து ஒரு ஃப்ரேம் எடுத்து, ஃபுல் எச்டி ஃப்ரேம்ங்கறதால பெருசா போட முடியாம 4க்கு 6-ல பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் பாக்கி பணத்தை முழுசா கொடுத்தார், நான்தான் வாங்கல.

அந்த தப்பு தொழில் தெரியாததால வந்தது கிடையாது. பதினோரு வருஷமா கார்டு ஹேண்டில் பண்றவன் நான். மணிக்கணக்கா நின்னுட்டு, கழுத்துல 70-200 லென்ஸ் போட்ட பாடி ஒன்னு, தோள்ல இன்னொன்னுன்னு சுமந்துட்டு வந்தவனோட மூளை நடுராத்திரி 12 மணிக்கு எடுத்த முடிவு அது. அப்பதான் எனக்கு ஒன்னு புரிஞ்சுது, ஷூட் பண்ணும்போது நான் பெருசா தப்பு பண்றதில்ல, அங்க மேளம், கூட்டம், அய்யர் குரல் எல்லாம் நம்மள முழிச்சுக்க வெச்சுடுது, வீட்டுக்கு வந்து தனியா உக்காந்து காப்பி பண்றதுலயும் செலக்ட் பண்றதுலயும்தான் சறுக்கறேன். அந்த ஆடி முழுக்க இதுக்கு என்ன வழின்னு தேடினதுல கிடைச்சது இந்த சாஃப்ட்வேர்.

இதுல கார்டுல இருந்து படத்தை இறக்கறதுக்கு இன்ஜெஸ்ட்னு ஒரு விண்டோ இருக்கு. கார்டை சொருகினதும் அது திறக்கற மாதிரி வெச்சுக்கலாம். ரெண்டு கார்டு ரீடர்ல ரெண்டு கார்டு போட்டா ரெண்டையும் ஒன்னா இறக்கும். முக்கியமா, ஒரே நேரத்துல ரெண்டு இடத்துக்கு காப்பி பண்ணும், எனக்கு சிஸ்டத்துல இருக்கற எஸ்எஸ்டி ஒன்னு, வெளிய ஒரு ஹார்டுடிஸ்க் ஒன்னு. ஃபோல்டர் பேர், ஃபைல் பேர் எல்லாம் நாம சொல்லி வெச்ச மாதிரி தேதி, ஆர்டர் பேர், நம்பர்னு தானா மாறி விழும். ஏற்கனவே இறக்கின படத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டு புதுசை மட்டும் இறக்கற வசதி இருக்கு, அதனால மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவைன்னு ஒரே கார்டை போட்டாலும் டபுள் ஆகாது. எல்லாம் முடிஞ்சதும் கார்டை தானா அன்மவுண்ட் பண்ண, அதாவது சிஸ்டத்துல இருந்து கழட்டி விடச் சொல்லி டிக் போட்டு வெச்சிருக்கேன். இப்ப என் வீட்டு ரூல் இதுதான், கார்டு ஸ்கிரீன்ல தெரிஞ்சா அதை ரீடர்ல இருந்து தொடக்கூடாது, தானா மறைஞ்சிருந்தாத்தான் உருவணும். தூக்கக் கலக்கத்துல கூட இந்த ஒரு விஷயத்தை பாக்க முடியுது, இந்த மூணு வருஷத்துல ஒரு ஃபைல் கூட போகல. கூடவே லேப்டாப்ல ஸ்லீப் செட்டிங்கை நெவர்ல வெச்சிருக்கேன், அதை எந்த சாஃப்ட்வேரும் உங்களுக்காக பண்ணித் தராது.

ஒரு விஷயம் வாங்கறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க, உங்க கார்டு ரீடர். என்கிட்ட பழைய யூஎஸ்பி 2 ரீடர் இருந்துச்சு, அதுல நொடிக்கு 30 எம்பி வந்தாலே பெருசு, 64 ஜிபி கார்டு இறங்க முக்கா மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா ஆகும். யூஎஸ்பி 3 ரீடர் மாத்தினதும் 90 எம்பி வாக்குல வருது, அதே கார்டு 12 நிமிஷத்துல முடியுது. ராத்திரி 12 மணிக்கு அந்த 20 நிமிஷ வித்தியாசம் என்னன்னு சொல்லி விளங்க வைக்க முடியாது, அனுபவிச்சவங்களுக்கு தெரியும். சாஃப்ட்வேருக்கு காசு போடறதுக்கு முன்னாடி ஆயிரம் சொச்சத்துக்கு ரீடர் வாங்குங்க.

அடுத்தது செலக்சன். இதுக்காகத்தான் உலகம் முழுக்க இதை வாங்கறாங்க. நான், தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கு, அதாவது ரிசப்ஷன் ப்ளஸ் முகூர்த்தம், 4,500-ல இருந்து 5,000 ஃப்ரேம் வரைக்கும் வருது. அதுல நிறைய ஸ்டேஜ் குரூப். ஒரு குடும்பம் ஏறினா மூணு ஃப்ரேம் அடிப்போம், ஒன்னுல மாமா கண்ணை மூடியிருப்பார், இன்னொன்னுல குழந்தை வேற பக்கம் பாக்கும், மூணாவதுல யாராவது மொய் கவரை தேடிட்டு இருப்பாங்க. இதுல ஒன்னை எடுக்கணும், இப்படி 300 குடும்பம். முன்னாடி நேரா லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இம்போர்ட் பண்ணி ப்ரீவியூ ரெண்டர் ஆகறதுக்கு காத்திருந்து காத்திருந்து பாப்பேன், அது ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு பண்ண மூல ஃபைலை திறந்து கலர் போட்டு காட்டறதால அந்த நேரம் ஆகத்தான் செய்யும், என் சிஸ்டமும் அவ்வளவு பெரிய சிஸ்டம் கிடையாது. போட்டோ மெக்கானிக் என்ன பண்ணுதுன்னா ரா ஃபைலை ரெண்டர் பண்றதே இல்ல, கேமரா ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளயும் ஒரு ஜேபெக், அதாவது சாதாரண போட்டோ ஃபைல் வெச்சு அனுப்பும்ல, கேமரா பின்னாடி ஸ்கிரீன்ல நாம பாக்கறோமே, அதை எடுத்து காட்டுது. அதனால ஆரோ கீ அமுக்க அமுக்க படம் முழு ஸ்கிரீன்ல உடனே வந்து நிக்குது. ரெண்டு படத்தை பக்கத்துல பக்கத்துல வெச்சும் பாக்கலாம். வேணும்னா டி கீ, டேக்னு ஒரு அடையாளம் விழும். இல்லைன்னா ஸ்டார் போடலாம், கலர் போடலாம்.

எனக்கு முன்னாடி ஒரு கல்யாணத்தை பிரிக்க ரெண்டு ராத்திரி போகும். இப்ப காலையில டிபன் சாப்ட்டு உக்காந்தா மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சுடுது, சுமார் மூணு மணி நேரம். இது என் கணக்கு, உங்க கை வேகம், உங்க சிஸ்டத்தை பொறுத்து மாறும். ஆனா நேரம் குறைஞ்சதை விட எனக்கு பெருசா தெரிஞ்சது இன்னொன்னு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நொடி ரெண்டு நொடி காத்திருக்கும்போதுதான் கண்ணு சொக்கும், முந்தின படம் எப்படி இருந்துச்சுன்னே மறந்துடும், திரும்ப பின்னாடி போவோம். அந்த காத்திருப்பு போனதும் ஒரே மூச்சுல பாக்க முடியுது, நல்லதை நல்லதுன்னு கண்டுபிடிக்க முடியுது.

சோனி யூஸ் பண்றவங்க இந்த இடத்தை கவனமா படிங்க. தம்பிகிட்ட இருக்கறது ஏ7 த்ரீ. அந்த மாடல்ல ரா ஃபைலுக்குள்ள இருக்கற ஜேபெக் 1616க்கு 1080 பிக்சல்தான். நிக்கான், கேனான்ல முழு சைஸ் ஜேபெக் உள்ள இருக்கும், அதனால 100 பர்சென்ட் ஜூம் பண்ணி கண் இமை ஷார்ப்பா இருக்கான்னு பாத்துடலாம். ஏ7 த்ரீ ரா மட்டும் எடுத்தா அந்த ஜூம்ல ஃபோகஸ் முடிவு பண்ண முடியாது. தம்பி இப்ப ரா ப்ளஸ் ஜேபெக்கா எடுக்கறான், சாஃப்ட்வேர் அந்த ஜோடியை ஒரே படமா எடுத்துக்குது, பெரிய ஜேபெக்கை காட்டுது, கார்டுல இடம் கூட பிடிக்கும், அது ஒன்னுதான். இது சாஃப்ட்வேரோட குறையும் இல்ல, ஃபைல் அமைப்பு அப்படி, ஆனா காசு கட்டினதுக்கு அப்புறம் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், அதான் சொல்றேன்.

திருக்கடையூர் ஆர்டருக்கு இது எனக்கு எவ்வளவு உதவியா இருக்குன்னு தனியா சொல்லணும். எங்க பக்கத்துல ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு ஆடியில, மார்கழியில கல்யாணம் இல்லாட்டியும் சோறு போடறது அபிராமி அம்மன்தான். அறுபதாம் கல்யாணம், எழுபதுல பீமரத சாந்தி, எண்பதுல சதாபிஷேகம், இதெல்லாம் அவங்கவங்க பிறந்த மாசம், நட்சத்திரத்தை வெச்சு வரதால வருஷம் முழுக்க நடக்கும், சீசனே கிடையாது. கோயிலுக்குள்ள ஒரே காலையில ஏகப்பட்ட ஜோடி, பக்கத்துல பக்கத்துல ஹோமம், பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க எல்லாம் கலசத்தண்ணி ஊத்த அந்த வயசானவங்க ரெண்டு பேரும் நனைஞ்சு உக்காந்திருப்பாங்க. எனக்கு சில நாள் ரெண்டு குடும்பம், மூணு குடும்பம் ஆர்டர் இருக்கும், இங்க மாலை மாத்தறத எடுத்துட்டு ஓடிப்போய் அங்க மாங்கல்யம் எடுப்பேன், கார்டுல எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு தடவை ஒரு குடும்பத்து படம் 14 இன்னொரு குடும்பத்து லிங்க்ல போயிடுச்சு, அவங்க சிரிச்சுக்கிட்டே திருப்பி அனுப்பினாங்க, எனக்குத்தான் ரெண்டு நாள் மனசு சரியில்ல. இப்ப இதுல நம்பர் கீ ஒன்னு அமுக்கினா ஒரு கலர், ரெண்டு அமுக்கினா ஒரு கலர், எட்டு கலர் இருக்கு. முதல் குடும்பம் 1, ரெண்டாவது 2, மூணாவது 3, படம் பாத்துக்கிட்டே ஓட்டினா பத்து நிமிஷத்துல பிரிஞ்சுடும், அந்த கலரை மட்டும் காட்டச் சொல்லி அந்தந்த ஃபோல்டருக்கு காப்பி. லைட்ரூமுக்கு போகும்போது ஸ்டார் ரேட்டிங் பிரச்சனையில்லாம போகுது, கலருக்கு மட்டும் ரெண்டு சாஃப்ட்வேர்லயும் லேபிள் பேர் ஒன்னா இருக்கணும், அதனால நான் கலரை இங்கயே முடிச்சுக்குவேன், செலக்சனுக்கு ஸ்டார் போடுவேன்.

ரெண்டு கேமரா வெச்சு எடுக்கறவங்களுக்கு ஒரு பொக்கிஷம் உள்ள இருக்கு, படம் எடுத்த நேரத்தை மொத்தமா மாத்தற வசதி. என் கேமரா கடிகாரமும் தம்பி கேமரா கடிகாரமும் ஏழு நிமிஷம் வித்தியாசத்துல ஓடிச்சுன்னு வைங்க, நேரப்படி அடுக்கினா தாலி கட்டினதுக்கு அப்புறம் மாங்கல்யத் தட்டு ஆசீர்வாதம் வரும், ஆல்பம் டிசைனர் குழம்பிப் போவார், அவர் குழம்பினா நமக்கு ஒரு வாரம் போச்சு. நாங்க ஷூட் ஆரம்பிக்கும்போது ரெண்டு பேரும் ஒரே போன்ல ஓடற கடிகாரத்தை ஒரு ஷாட் எடுத்துடுவோம். வீட்டுக்கு வந்து வித்தியாசம் பாத்து தம்பி ஃபைல் எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து அத்தனை நிமிஷம் தள்ளி விட்டா வரிசை கரெக்ட்டா வந்துடும். லைட்ரூம்லயும் இதை பண்ணலாம், ஆனா இம்போர்ட் பண்றதுக்கு முன்னாடியே முடிச்சுடறது எனக்கு வசதியா இருக்கு.

டெட்லைன் விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல போட்டோகிராஃபருக்கு ஆல்பம் டெட்லைன் ஒன்னு மட்டும்தான்னு நினைக்கறவங்க இருக்காங்க. முதல் போன் கல்யாணம் முடிஞ்ச மறுநாளே வரும், மேரேஜ் ரெஜிஸ்டர் பண்ணணும், போட்டோ வேணும்னு, தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், ஆனா மாப்பிள்ளை பத்து நாள் லீவுல வந்திருப்பார். அதுக்கப்புறம் பொண்ணுக்கு டிபென்டன்ட் விசா, அதுக்கு கல்யாண போட்டோ, அதுவும் குடும்பத்தோட இருக்கறது, சடங்கு தெரியறதுன்னு ஒரு 20, 30 கேப்பாங்க. இடையில அக்காக்காரங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு. இதெல்லாம் முழு எடிட்டுக்கு காத்திருக்க முடியாத வேலை. நான் ஷூட் நடக்கும்போதே முக்கியமான ஃப்ரேம்ல கேமராவுல ப்ரொடெக்ட் பட்டனை அமுக்கிடுவேன், இன்ஜெஸ்ட்ல லாக் பண்ண படத்தை மட்டும் இறக்குன்னு சொல்லலாம், 30 படம் ஒரு நிமிஷத்துல இறங்கிடும். ரா ஃபைலுக்குள்ள இருக்கற ஜேபெக்கை தனியா உருவற வசதியும் இருக்கு. மண்டபத்துல சாப்பாடு முடியறதுக்குள்ள பொண்ணோட தம்பி போனுக்கு படம் போயிடுது. அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு நம்மள யாரும் அவசரப்படுத்தறதில்ல, இதை நான் சத்தியமா எதிர்பார்க்கல.

இன்னொன்னு நானா கண்டுபிடிச்சு பழகினது. இறக்கும்போதே ஒவ்வொரு படத்துலயும் ஒரு குறிப்பு டெம்ப்ளேட் ஏத்தலாம், பேப்பர்காரங்க கேப்ஷன் எழுதறதுக்கு வெச்சது. அதுல இன்ஸ்ட்ரக்ஷன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டெலிவரி தேதி, எத்தனை ஷீட் ஆல்பம், 12க்கு 36-ஆ வேற சைஸா, பாக்கி எவ்வளவுன்னு எழுதிடுவேன். ஆவணியில ஒன்பது ஆர்டர் ஒன்னு மேல ஒன்னு விழுந்து கிடக்கும்போது எந்த ஃபோல்டர்ல எந்த படத்தை திறந்தாலும் தேதி கண்ணுல படும். நோட்டுல எழுதி வெச்சது நோட்டை திறந்தாத்தானே தெரியும்.

இப்ப ஏஐயே செலக்ட் பண்ணித் தர சாஃப்ட்வேர் எல்லாம் வந்திருக்கு, ட்ரை பண்ணினீங்களான்னு கேப்பீங்க. பண்ணினேன். ஸ்டேஜ் குரூப்ல மூணுல ஒன்னை எடுக்கறதுக்கு அது உதவலாம். ஆனா நம்ம கல்யாணத்துல முக்கியமான படத்துல பாதி கண்ணு மூடின படம். தாலி ஏறும்போது பொண்ணு தலையை குனிஞ்சு கண்ணை மூடியிருக்கும். தாரை வார்க்கும்போது அப்பா கையை பிடிச்சுக்கிட்டு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிப்பார். அட்சதை விழும்போது யாரு கண்ணை திறந்து வெச்சிருப்பாங்க? கண்ணு மூடியிருந்தா ஒதுக்குன்னு ஒரு மெஷினை நம்பி விட எனக்கு மனசு வரல. போட்டோ மெக்கானிக் எந்த முடிவும் எடுக்காது, படத்தை வேகமா காட்டும், முடிவு நம்மளது. எனக்கு அதுதான் சரிப்படுது.

ஒதுக்கினதை அழிக்காதீங்கன்னும் சொல்லிடறேன். ஆல்பம் கையில கொடுத்து பாக்கி வாங்கற வரைக்கும் நான் ஒரு ஃப்ரேம் அழிக்க மாட்டேன். "எங்க பெரியப்பா தனியா ஏறினாரே"ன்னு ஒரு போன் கட்டாயம் வரும், அந்த பெரியப்பா நாம ஒதுக்கின படத்துலதான் இருப்பார்.

குறைன்னு பாத்தா விலைதான். நான் வாங்கினப்ப ஒரே தடவை கட்டுறது, 2024-ல இருந்து மாச சந்தா வருஷ சந்தான்னு கொண்டு வந்துட்டாங்க, டாலர்ல கட்டணும், கார்டுல இன்டர்நேஷனல் ட்ரான்சாக்ஷன் ஆன் பண்ணிக்கணும், எவ்வளவுன்னு அவங்க சைட்ல அன்னைக்கு பாத்துக்குங்க. ஏற்கனவே லைட்ரூமுக்கு மாசா மாசம் கட்டறவங்களுக்கு இது இன்னொரு சுமை. மாசம் ஒரு ஆர்டர், ரெண்டு ஆர்டர் பண்றவங்களுக்கும், பேபி ஷூட், ப்ராடக்ட் ஷூட்னு ஒரு தடவைக்கு 300, 400 ஃப்ரேம் எடுக்கறவங்களுக்கும் இது வேண்டாம்னுதான் சொல்வேன். அவங்க லைட்ரூம் கிளாசிக்ல இம்போர்ட் பண்ணும்போது ப்ரீவியூ ஆப்ஷன்ல எம்பெடட் அண்ட் சைட்கார்னு ஒன்னு இருக்கு, அதை போட்டா அதுவும் உள்ள இருக்கற ஜேபெக்கையே காட்டும், 2017-ல இருந்தே இருக்கு, நிறைய பேருக்கு தெரியறதில்ல. முதல்ல அதை ஒரு ஆர்டருக்கு போட்டுப் பாருங்க, பத்தலைன்னா இங்க வாங்க. கம்மி விலையில ஃபாஸ்ட் ரா வியூவர்னு ஒன்னும் இருக்கு, அது ரா ஃபைலையே திறந்து காட்டறது, எக்ஸ்போஷர் ரொம்ப நுணுக்கமா பாக்கறவங்களுக்கு அது நல்லது.

ஸ்கிரீன் பாக்க அழகா இருக்கும்னும் எதிர்பார்க்காதீங்க, மெனுக்குள்ள மெனு, பழக பத்து நாள் பிடிச்சுது. அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன், அரை குறைச்சது விலைக்காக.

இதெல்லாம் வாங்கினதும் நான் ராத்திரி தூங்கறவனா மாறிட்டேன்னு சொல்ல முடியாது, முகூர்த்தம் 4:30-ன்னா 3 மணிக்கு எழுந்து மண்டபத்துக்கு ஓடித்தான் ஆகணும், அதை எந்த சாஃப்ட்வேரும் மாத்தாது. ஒன்னு மட்டும் மாறிச்சு. முன்னாடி ஷூட் முடிச்சு வந்த ராத்திரியே உக்காந்து பாதி செலக்ட் பண்ணிட்டுதான் படுப்பேன், இல்லைன்னா வேலை சேர்ந்துடும்னு பயம். இப்ப ராத்திரி இன்ஜெஸ்ட் மட்டும்தான், கார்டு மறையுதா பாத்துட்டு படுத்துடுவேன், செலக்சன் காலையில. போன தை மாசம் தொடர்ந்து மூணு முகூர்த்தம், மூணாவது நாள் சாயங்காலம் வந்து இன்ஜெஸ்ட் போட்டுட்டு கூடத்துலயே படுத்துட்டேன். மனைவி எழுப்பி, "ஏங்க, அந்த கார்டு ரெண்டும் ஸ்கிரீன்ல காணோம், எடுத்து டப்பாவுல வெச்சுட்டேன், நீங்க தூங்குங்க"ன்னாங்க. அவங்களுக்கும் பழகிடுச்சு.

ட்ரையல் இருக்கு, அதை போட்டுப் பாத்துட்டு வாங்குங்க. ஆனா சீசன் நடுவுல போடாதீங்க, தூக்கம் இல்லாத நேரத்துல புது சாஃப்ட்வேர் பழகறது ஆபத்து. ஆடியிலயோ மார்கழியிலயோ போடுங்க, பழைய கல்யாணம் ஒன்னோட ஃபோல்டரை இன்னொரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு, அந்த காப்பியில மட்டும் டேக், கலர், நேரம் மாத்தறது எல்லாம் பண்ணிப் பழகுங்க. இன்ஜெஸ்ட்டை டெஸ்ட் பண்ண வீட்டு நாய்க்குட்டியை நூறு ஷாட் எடுத்த கார்டு போதும். ரெண்டாவது டெஸ்டினேஷன் டிக் ஆகியிருக்கா, ஹார்டுடிஸ்க்ல உண்மையிலயே ஃபைல் விழுந்திருக்கான்னு திறந்து பாத்துட்டு அப்புறம் ஆர்டருக்கு எடுத்துட்டு போங்க.